கானாடுகாத்தானிலிருந்து வந்த லாகின் லிங்க்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீ வாங்கிக்கொண்டு செக்காலை ரோட்டு ஆபீஸ் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு நீளமான லிங்க் வந்து விழுந்தது. அனுப்பியது கானாடுகாத்தான் வீட்டு முகப்பில் உட்காரும் பெண். கீழே ஒரு வரி: "அண்ணே, இந்த லிங்க்கத்தான் ஆத்தங்குடிக்கு அனுப்புனேன். அங்க பாஸ்வேர்டு போட்டா எர்ரர் வருதாம்."

முன்கதை சிறியதுதான். அந்த வீட்டு ஆச்சி இரண்டாம் கட்டில் உள்ள அறைகளை விருந்தாளிகள் தங்க வாடகைக்கு விடுகிறார். அவருடைய தம்பிக்கு ஆத்தங்குடியில் பூக்கல், அதாவது தரையில் பதிக்கும் பூப்போட்ட கல், செய்யும் பட்டறை. இரண்டு இடத்துக்கும் ரூம் புக்கிங், கல் ஆர்டர் என்று தனித்தனி தளம் செய்து கொடுத்தேன். ஆளுக்கு இரண்டு பாஸ்வேர்டு வேண்டாமே என்று லாகினை மட்டும் பொதுவாக வைத்தேன். அதற்கு ஒரு திறந்த மூல லாகின் சர்வர். தளமும் அதுவும் பேசிக்கொள்ளும் மொழி ஓஆத் 2.0, அதன் மேல் ஓபன்ஐடி கனெக்ட். புக்கிங் தளத்தில் லாகின் பட்டனை அழுத்தினால் பிரவுசர் லாகின் சர்வருக்குப் போகும், பாஸ்வேர்டு வாங்கும், ஒரு ரகசியக் குறியீட்டுடன் (கோடு, code) திரும்பி வரும். அந்தக் கோடைக் கொடுத்து எங்கள் தளம் டோக்கன் என்ற அனுமதிச் சீட்டை வாங்கிக்கொள்ளும். ஊரெல்லாம் நடக்கும் விஷயம்தான்.

அந்தப் பெண் செய்தது இது: லாகின் பக்கம் திறந்திருந்தபோது அட்ரஸ் பாரில் இருந்ததை அப்படியே காப்பி எடுத்து, ஆத்தங்குடிப் பட்டறையில் கணக்கெழுதும் பையனுக்கு அனுப்பிவிட்டது. அவன் போனில் திறந்தான், பாஸ்வேர்டு போட்டான், திரும்பி வரும்போது எங்கள் தளம் கதவைச் சாத்திவிட்டது. சாத்தியது ஸ்டேட் என்கிற பாராமீட்டர், அதாவது லிங்க்கோடு ஒட்டிப்போகும் ஒரு தகவல் துண்டு. அனுப்பும்போது ஒரு எழுத்துக்கோவையை லிங்க்கில் வைத்து, அதையே அந்த பிரவுசருக்கான தற்காலிக நினைவிலும், அதாவது செஷனிலும், எழுதி வைப்போம். திரும்பி வருவது அதோடு பொருந்த வேண்டும். அந்தப் பெண்ணின் செஷன் இவன் போனில் இல்லை, ஆகவே பொருந்தவில்லை. நியாயமான எர்ரர். "தளத்துக்குப் போயி அங்கேருந்து லாகின் பண்ணச் சொல்லும்மா" என்று பதில் போட்டுவிட்டு டீயைக் குடித்தேன்.

குடித்து முடிக்கும்போதுதான் லிங்க்கைச் சரியாகப் பார்த்தேன். அதற்குள் அந்தப் பெண்ணின் பத்து இலக்கப் போன் நம்பர் இருந்தது.

லாகின்_ஹின்ட் என்று ஒரு பாராமீட்டர் உண்டு. யார் லாகின் செய்யப் போகிறார் என்று முன்கூட்டியே சொன்னால் லாகின் பக்கத்தில் பெயர்க் கட்டம் நிரம்பி வரும். எங்கள் தளம் முதலில் போன் நம்பரைக் கேட்கும், பிறகுதான் லாகின் சர்வருக்கு அனுப்பும். மறுபடி தட்டச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் அந்த வசதியைச் சேர்த்தேன். சரி, இது வேறு எங்கெல்லாம் கிடக்கிறது என்று சர்வரின் அக்சஸ் லாக்கைத் திறந்தேன். யூஆர்எல் முழுதாக அங்கே எழுதப்படுமே! பக்கம் பக்கமாக நம்பர்கள். ஊழியர்களுடையது மட்டும் அல்ல, ரூம் புக் செய்த விருந்தாளிகளுடையதும். பிரவுசர் ஹிஸ்டரியிலும் அதே.

அன்றிரவு வேறு வேலை ஓடவில்லை. படிக்க முடிகிறது என்றால் மாற்றவும் முடியுமே என்று தோன்றியது.

முகப்பில் ஒரு டேப்லெட் நாள் முழுக்க லாகின் ஆனபடியே கிடக்கும். வருகிற போகிறவர் எல்லாம் தொடுவார்கள். அதனால் முன்பணம் திருப்பித் தரும் பக்கத்துக்கு மட்டும் மறுபடி பாஸ்வேர்டு கேட்க வேண்டும் என்று ஆச்சி சொல்லியிருந்தார். அதற்கு மேக்ஸ்_ஏஜ் என்ற பாராமீட்டரில் 60 என்று போட்டிருந்தேன். கடைசியாகப் பாஸ்வேர்டு போட்டு 60 வினாடிக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி கேள் என்று லாகின் சர்வரிடம் சொல்வது அது. என் லேப்டாப்பில் அந்தப் பக்கத்துக்குப் போனேன். பாஸ்வேர்டு கேட்டு நின்றது. அட்ரஸ் பாரில் மேக்ஸ்_ஏஜ் உள்ள துண்டை மட்டும் அழித்துவிட்டு என்டர் தட்டினேன். எதுவும் கேட்காமல் பணம் திருப்பும் பக்கம் திறந்துகொண்டது.

ஸ்டேட் இங்கே உதவாது. அதே பிரவுசர், அதே செஷன், எல்லாம் பொருந்துகிறது. பிகேசிஇ-யும் உதவாது. 2015-இல் ஆர்எஃப்சி 7636-ஆக, அதாவது இணைய விதிகளின் ஆவண வரிசையில் அந்த எண்ணோடு, வந்த அந்த முறையில் தளம் ஒரு ரகசியச் சொல்லைத் தன்னிடம் வைத்துக்கொண்டு அதிலிருந்து கணக்கிட்ட, பின்னோக்கிப் பிரிக்க முடியாத ஹேஷை மட்டும் லிங்க்கில் அனுப்பும். கோடைத் திருடினவனிடம் அந்தச் சொல் இருக்காது, அதனால் டோக்கன் வாங்க முடியாது. நல்ல பூட்டுதான். ஆனால் அது காப்பது திரும்பி வரும் கோடை. போகும்போது லிங்க்கில் உள்ள மற்றவற்றை யார் அழித்தாலும் அதற்குக் கவலையில்லை. பிகேசிஇ போட்டாயிற்று, இனி பயமில்லை என்று இரண்டு வருடமாக இருந்தேன்.

முதல் தையலை அன்றிரவே போட்டேன். மேக்ஸ்_ஏஜ் கேட்டால், யார் உள்ளே வந்தார் என்று லாகின் சர்வர் தரும் ஐடி டோக்கனுக்குள் ஆத்_டைம், அதாவது கடைசியாக எப்போது பாஸ்வேர்டு போட்டார் என்ற நேரம், வர வேண்டும். அது வந்திருக்கிறதா, 60 வினாடிக்குள் இருக்கிறதா என்று எங்கள் தளமே பார்க்க வேண்டும். நான் பார்க்கவே இல்லை. நாலு வரி புரோகிராம். இதைச் செய்யாமல் கீழே வரும் எதைச் செய்தாலும் ஓட்டைப் பானைக்குப் பெயின்ட் அடிப்பதுதான்.

சனிக்கிழமை, லிங்க்குக்குக் கையெழுத்துப் போடலாம் என்று உட்கார்ந்தேன். இதற்கு ஜேஏஆர் என்று பெயர், 2021 ஆகஸ்டில் வந்த ஆர்எஃப்சி 9101. பாராமீட்டர்களைத் தனித்தனியாக லிங்க்கில் தொங்கவிடாமல் எல்லாவற்றையும் ஜேடபிள்யூடி என்ற டோக்கன் பொட்டலத்தில் கட்டி, தளம் மட்டுமே வைத்திருக்கும் பிரைவேட் கீயால் கையெழுத்திட்டு, ரிக்வெஸ்ட் என்ற ஒரே பாராமீட்டராக அனுப்ப வேண்டும். எந்தத் தளம் கேட்கிறது என்று சொல்லும் கிளையன்ட்_ஐடி மட்டும் வெளியிலும் இருக்க வேண்டும், அது உள்ளே இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்க உதவும் ஜோடியான பப்ளிக் கீயை லாகின் சர்வரில் பதிந்தேன். கீ வகைக்கு ஆர்எஸ்ஏ வேண்டாம், ஈசி பி-256 போதும் என்று முடிவெடுத்தேன். 2048 பிட் ஆர்எஸ்ஏ என்றால் கையெழுத்து மட்டுமே 342 எழுத்து லிங்க்கில் ஏறும், இதில் 86 எழுத்தோடு முடிந்தது. அனுப்புநர், பெறுநர், ஐந்து நிமிடக் காலாவதி எல்லாம் உள்ளே வைத்தேன். ஹெடரில் இது லாகின் கோரிக்கை டோக்கன் என்று வகையையும் குறித்தேன். வேறு வேலைக்காகக் கையெழுத்தான டோக்கனை யாரும் இங்கே கொண்டுவந்து செருகக் கூடாது பாருங்கள்.

ஓட்டிப் பார்த்தால், கோரிக்கை டோக்கன் செல்லாது என்று ஒரே வரியில் எர்ரர். ஏன் என்று சொல்லாது. கீயை மாற்றினேன், மறுபடி பதிந்தேன், டோக்கனைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் போனது. சோதனைக்கு ஓட்டிக்கொண்டிருந்தது ஆபீஸ் மூலையில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப். தற்செயலாக அதன் மூலையில் மணி பார்த்தேன், 4.11. போனில் 4.18.

ஏழு நிமிடம் பின்னால். கணக்குப் போட்டால் விஷயம் விளங்கிவிட்டது. டோக்கனுக்கு ஆயுள் ஐந்து நிமிடம், கையெழுத்துப் போடுகிற மெஷின் ஏழு நிமிடம் பிந்தி ஓடுகிறது. ஆக, ஒவ்வொரு டோக்கனும் பிறக்கும்போதே இரண்டு நிமிடப் பிணம். மதர்போர்டில் இருந்த காசு பேட்டரி சிஆர் 2032 நொந்துபோயிருந்தது. கரன்ட் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கியிருக்கிறது. நேரத்தை நெட்டிலிருந்து சரிசெய்துகொள்ளும் என்டிபி-யை எதற்கோ நானே நிறுத்தி வைத்திருந்தேன், எதற்கென்று இப்போது நினைவில்லை. வாட்ச் கடையில் பேட்டரி வாங்கிப் போட்டு, என்டிபி-யையும் எழுப்பிவிட்டேன். டோக்கன் உடனே ஏறியது.

ஏறிய சந்தோஷத்தில் ஒன்றைக் கவனிக்கவில்லை. மேக்ஸ்_ஏஜை டோக்கனுக்குள் வைக்க மறந்து, பழையபடி லிங்க்கில் வெளியே விட்டிருந்தேன். அப்படியும் பாஸ்வேர்டு கேட்டது. அதாவது வெளியே இருப்பதையும் உள்ளே இருப்பதையும் லாகின் சர்வர் சேர்த்துப் படிக்கிறது. 2014-இல் வந்த ஓபன்ஐடி கனெக்ட் விதி அப்படித்தான்: இரண்டையும் சேர், மோதினால் உள்ளே இருப்பது ஜெயிக்கும். ஆர்எஃப்சி 9101 அதை மாற்றி, டோக்கனுக்குள் இருப்பதை மட்டுமே எடு, வெளியே அதே பெயரில் எது இருந்தாலும் தொடாதே என்கிறது. இதில் எது என்பது சர்வருக்குச் சர்வர், செட்டிங்குக்குச் செட்டிங் மாறும். உங்களுடையதில் எது என்று தெரிந்துகொள்ள என் வழி இதுதான்: உள்ளே இல்லாத ஒரு பாராமீட்டரை வெளியே சேர்த்துப் பாருங்கள். வேலை செய்தால் கையெழுத்துக்கு வெளியே ஒரு திண்ணை திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். நான் எல்லாவற்றையும் உள்ளே தள்ளினேன். கையெழுத்தில்லாத லிங்க் வந்தால் ஏற்காதே என்ற செட்டிங்கையும் போட்டேன். அது இல்லாவிட்டால் ரிக்வெஸ்ட்டையே எடுத்தெறிந்துவிட்டுப் பழைய பாணி லிங்க்கை யாரும் தட்டலாம்.

இப்போது மாற்ற முடியாது. ஒரு எழுத்தைத் தொட்டாலும் கையெழுத்து உடையும். ஆனால் அந்தப் போன் நம்பர்? டோக்கனின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் உள்ள துண்டை எடுத்து பேஸ்64 என்ற, பூட்டு எதுவும் இல்லாத எழுத்து மாற்றைப் பிரித்தேன். பத்து இலக்கமும் பளிச்சென்று நின்றன. அக்சஸ் லாக்கில் இனி அது வேறு வேஷத்தில் கிடக்கும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கானாடுகாத்தான் போயிருந்தேன், டேப்லெட்டைப் பார்ப்பது சாக்கு. ஆச்சி வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் வைத்துவிட்டு, "என்ன தம்பி, முந்தாநாள் ராத்திரி பன்னெண்டு மணிக்கு என்னமோ மெசேஜ் போட்டிருந்தீங்க?" என்றார். லாகின் கேட்கிற விண்ணப்பத்தை நாமே நேராகக் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை, விருந்தாளியின் பிரவுசர் கையில் கொடுத்துவிடுகிறோம், அவர் வழியில் பார்க்கலாம், மாற்றலாம் என்று விளக்கினேன்.

"ஆள்கிட்டக் குடுத்துவிடுற கடுதாசி மாதிரி."

"ஆமா ஆச்சி. இப்ப அதுல கையெழுத்துப் போட்டுட்டேன். மாத்த முடியாது."

"கையெழுத்துப் போட்டா போதுமா? கார்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டா தபால்காரன் படிக்கத்தானே செய்வான். எங்கய்யா ரங்கூனுக்கு எழுதுனா உறையில போட்டு அரக்கு வச்சுத்தான் அனுப்புவாகளாம்."

அரக்கு வைக்கும் வழியும் இருக்கிறது. டோக்கனைக் கையெழுத்திட்ட பிறகு லாகின் சர்வரின் பப்ளிக் கீயால் என்கிரிப்ட் செய்யலாம். ஆனால் இன்னொரு கீ, அதைப் புதுப்பிக்கும் வேலை, லிங்க் இன்னும் நீளம். இரண்டு பேர் உள்ள ஆபீஸில் மூன்று வருடம் கழித்து அதை யார் ஞாபகம் வைத்திருப்பது? "கடுதாசியவே ஆள்கிட்டக் குடுக்காம இருந்தா?" என்றேன். "அப்ப நேராப் போயி குடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டு ஆச்சி அடுப்படிக்குப் போய்விட்டார்.

நேராகப் போய்க் கொடுப்பதற்குத்தான் பிஏஆர். ஜேஏஆர் வந்த அடுத்த மாதமே, 2021 செப்டம்பரில், ஆர்எஃப்சி 9126-ஆக வந்தது. எங்கள் தளத்தின் சர்வர் லாகின் சர்வரின் தனி முகவரி ஒன்றுக்குப் பாராமீட்டர்கள் அனைத்தையும் நேராக போஸ்ட் செய்யும். பிரவுசர் நடுவில் இல்லை. தான் யார் என்றும் அப்போதே நிரூபிக்க வேண்டும். சனிக்கிழமை செய்த கீ வீண்போகவில்லை, அதையே இந்த அடையாளத்துக்கு வைத்துக்கொண்டேன். லாகின் சர்வர் சரிபார்த்துவிட்டு 201 (உருவாக்கியாயிற்று) என்று பதில் தரும். கூடவே ரிக்வெஸ்ட்_யூஆர்ஐ, அதாவது ஊகிக்க முடியாத ஒரு டோக்கன் நம்பர். அதன் ஆயுள் எத்தனை வினாடி என்பதும் வரும். 5-லிருந்து 600 வினாடி வரை இருக்கலாம் என்று ஆர்எஃப்சி உதாரணம் சொல்கிறது. என் சர்வரில் 60.

பிரவுசருக்கு இனி நாங்கள் கொடுப்பது இரண்டே விஷயம், கிளையன்ட்_ஐடியும் அந்த நம்பரும். திங்கட்கிழமை மதியம் அட்ரஸ் பாரைப் பார்த்தபோது லிங்க் ஒற்றை வரியில் அடங்கியிருந்தது. போன் நம்பர் இல்லை, மேக்ஸ்_ஏஜ் இல்லை, அழிக்க எதுவும் இல்லை. ரிக்வெஸ்ட்_யூஆர்ஐயில் ஒரு எழுத்தை மாற்றினால் நேராக எர்ரர். இன்னொரு லாபமும் கிடைத்தது. திரும்பி வர வேண்டிய முகவரி தவறாக இருந்தால் போஸ்ட் செய்யும்போதே தெரிந்துவிடுகிறது, விருந்தாளி எர்ரர் பக்கத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அப்படித்தான் நான் சோதனைக்காக எப்போதோ நட்சத்திரக் குறி போட்டு வைத்த ரீடைரக்ட் முகவரியும் கண்ணில் பட்டது. எந்தப் பாதைக்கு வேண்டுமானாலும் கோடை அனுப்பலாம் என்று திறந்து வைத்தது போல. அதை அழித்து, முழு முகவரியை எழுத்துக்கு எழுத்து பதிந்தேன்.

மாலையில் ஏதோ சந்தேகத்தில் வெள்ளிக்கிழமை வந்த வாட்ஸ்அப் லிங்க்கை மறுபடி தட்டினேன். லாகின் பக்கம் ஜம்மென்று திறந்தது, பெயர்க் கட்டத்தில் அந்தப் பெண்ணின் நம்பரோடு. தலையில் அடித்துக்கொண்டேன். முன்வாசலுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டுவிட்டுப் பின்கட்டுக் கதவை மறந்த கதை. பிஏஆர்-ஐச் சேர்த்தபோது ஜேஏஆர் செட்டிங்குகளை எடுத்துவிட்டேன், பிஏஆர் கட்டாயம் என்ற செட்டிங்கைப் போடவில்லை. போட்டேன். பழைய லிங்க் செத்தது. இது முடிந்தது என்று யாரிடமும் சொல்வதற்கு முன்னால் ஒரு பழைய லிங்க்கைத் தட்டிப் பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை நேரடித் தளத்தில் ஏற்றினேன். பத்து மணிக்குள் மூன்று போன்.

முதல் போன், ஒரு விருந்தாளி லாகின் பக்கத்தில் ரீஃப்ரெஷ் செய்தாராம், டோக்கன் நம்பர் காணோம் என்று எர்ரர். ரிக்வெஸ்ட்_யூஆர்ஐ ஒருமுறைதான் செல்லும் என்று சர்வர் கறாராக இருக்கிறது. ஒருமுறை மட்டும் என்பதே நல்லது, ஆனால் ரீஃப்ரெஷ்ஷுக்காக விட்டுக்கொடுக்கலாம் என்று ஆர்எஃப்சியே இடம் தருகிறது. என் சர்வர் தரவில்லை. இரண்டாவது போன், லாகின் பக்கத்தையே புக்மார்க் செய்து வைத்த ஒருவர். மூன்றாவது ஆத்தங்குடிப் பட்டறையிலிருந்து: கரன்ட் போய் வந்ததும் பிரவுசர் பழைய பக்கத்தைத் திறந்ததாம், ஆங்கிலத்தில் என்னவோ திட்டுகிறதாம்.

டோக்கன் நம்பரின் ஆயுளை 600 வினாடி ஆக்கிவிடலாமா என்று ஒரு கணம் கை போனது. வேண்டாம். பத்து நிமிடம் ஆக்கினாலும் புக்மார்க் செய்தவருக்கு உதவாது, ரீஃப்ரெஷ்ஷுக்கும் உதவாது. லாகின் சர்வரின் எர்ரர் பக்கத்தைத்தான் மாற்றினேன். இந்தக் குறிப்பிட்ட எர்ரர் என்றால் திட்டாமல், "இந்தப் பக்கம் பழசாகிவிட்டது" என்று தமிழில் ஒரு வரி, கீழே பெரிதாக "மறுபடி லாகின் செய்" பட்டன். பட்டன் போவது எங்கள் தளத்தின் லாகின் தொடக்க முகவரிக்கு. அங்கே புது போஸ்ட், புது நம்பர், புது ஸ்டேட். எந்தத் தளத்துக்குத் திருப்ப வேண்டும் என்பதைக் கிளையன்ட்_ஐடியைப் பார்த்து, சர்வரில் பதிந்துள்ள முகவரியிலிருந்து எடுக்கச் செய்தேன். லிங்க்கில் வருகிற முகவரிக்குத் திருப்பினால் அதுவே புது ஓட்டை.

ஸ்டேட்டையும் பிகேசிஇ-யையும் எடுத்துவிடலாமே என்று ஆபீஸில் உள்ள தம்பி கேட்டான். எடுக்கக் கூடாது. ஒருவன் தனக்காக வாங்கிய ரிக்வெஸ்ட்_யூஆர்ஐயை இன்னொருவர் தலையில் கட்டிவிட முடியும், வெள்ளிக்கிழமை அந்தப் பெண் தெரியாமல் செய்ததை ஒருவன் தெரிந்தே செய்வது போல. திரும்பி வருவது இந்த பிரவுசரில் தொடங்கியதுதானா என்று பார்ப்பது அந்த இரண்டும்தான். பிஏஆர் காப்பது போகும் கடிதத்தை. இவை காப்பது திரும்பி வரும் ஆளை.

பழைய அக்சஸ் லாக்குகளில் கிடந்த நம்பர்களை அழிக்க ஒரு முழு நாள் ஆனது. பேக்கப்பில் இருந்தவற்றையும் சேர்த்துத்தான். அலுப்பான வேலை, சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கானாடுகாத்தான் பெண் மறுபடி ஒரு லாகின் லிங்க்கை ஆத்தங்குடிக்கு அனுப்பியிருக்கிறது. எத்தனை முறை சொன்னாலும் கேட்காது. பட்டறைப் பையன் தட்டியிருக்கிறான், பக்கம் பழசாகிவிட்டது என்று வந்திருக்கிறது, பட்டனை அழுத்தித் தன் நம்பரைப் போட்டு உள்ளே போய்விட்டான். எனக்கு போன் வரவில்லை. லாக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னும் பாக்கி இருப்பது பட்டறையில் கல் இருப்பு எண்ணும் மொபைல் ஆப். அது பழைய முறையில்தான் போகிறது, அதற்கு மட்டும் பிஏஆர் கட்டாயத்தைப் போடவில்லை. ஆப்புக்குள் பிரைவேட் கீயை வைக்க முடியாது, பிரித்து எடுத்துவிடுவார்கள். கீ இல்லாமலும் பிஏஆர் போஸ்ட் செய்யலாம், பிகேசிஇ-யோடு. புது வெர்ஷனில் அதைச் செய்துவிட்டேன். பட்டறையில் இரண்டு பேர் போனில் அப்டேட் ஏற இடமில்லை. போட்டோக்களை அழிக்கச் சொல்லியிருக்கிறேன்.